எண்ணூறு லூமென்

எட்செல் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள்
பதினோரு விளக்குகள் படுத்திருக்கின்றன
மீன்சந்தையின் பனிக்கட்டிமேல் போல,
எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்து.
எட்செலின் உதடு ஏதோ ஓர் எண்ணைச் சொல்கிறது.
நான் உதடுகளைப் படிப்பவள்;
அவன் மீசை எப்போதும் பாதியை விழுங்கிவிடும்.
தூசியில் விரலால் எழுதிக் காட்டுகிறான்: 4000.
பகலையே பேட்டரியில் அடைத்துவிட்டோம் என்பதுபோல்
கைகளை விரிக்கிறான்.

பகல் எனக்கு வேண்டாம், எட்செல்.
பகலில் எனக்கொரு குறையும் இல்லை.
பதினைந்து மீட்டர் ஆழத்தில்
எல்லோரும் என் ஊர்க்காரர்கள்.
மேலே படகில் வாயாடியவர்கள்
ரப்பரைக் கவ்விக்கொண்டு
கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் திக்குவார்கள்.
நானும் நோர்வினும் மட்டும்
தக்காளி விலையில் தொடங்கி
அவன் அக்காளின் விவாகரத்து வரை
பவளப்பாறை நெடுகப் பேசிக்கொண்டே போவோம்,
சிலிண்டரில் ஐம்பது பார் மிஞ்சும்வரை.

இருட்டினால் போயிற்று.
சொல் இருக்கும், கை இருக்கும்,
கையைப் பார்க்கக் கண்ணுக்கு வழியிருக்காது.

போன செவ்வாய் இரவல் விளக்கோடு இறங்கினோம்,
உப்பளத்துக்குத் தெற்கே, மஞ்சள் கல் நட்ட இடத்தில்.
கழுதைகள் இரண்டு கரையில் நின்று பார்த்தன.
ஈட்டி மாதிரி ஒளி. ஒல்லி, வெள்ளை, கூர்.
ஒரு பொந்தில் கிளிமீன்
தன் சளியால் நெய்த உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.
நல்லவேளை, அதைத் தாண்டிவிட்டேன்.
அடுத்த பொந்திலிருந்து மருண்டு வந்தது
உள்ளங்கை அளவில் ஒரு நீல மீன்.
எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை,
நான் விலக்காமல் பிடித்திருந்த வெளிச்சத்தைத் தவிர.

என் தோளுக்குப் பின்னாலேயே
ஆள்நீளத்துக்கு வந்துகொண்டிருந்தது டார்பன்.
கதவை அறைந்த மாதிரி சத்தம் என்றான் நோர்வின், பிறகு.
எனக்கு அது விலாவெலும்பில்தான் கேட்டது.
ஈட்டிக்குள்
நாலைந்து செதில்கள் இறங்கிக்கொண்டிருந்தன, அவசரமில்லாமல்.

திரும்பி அவனிடம் சொல்லப் பார்த்தேன்.
என் சொற்களுக்கு இரண்டு கை வேண்டும்.
ஒன்றில் விளக்கு.
அதுவும் நேராக அவன் கண்ணில்.
மிச்சக் கையால் அரைச் சொல் சொன்னேன்,
'கொன்றுவிட்டேன்' என்று.
அவன் கண்ணைச் சுருக்கி, தலையாட்டி,
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்:
இன்னும் பத்து நிமிடம்தான், பிறகு சாப்பிடலாம்.

ஆகவே எட்செல், கதவைச் சாத்து.
ஷட்டரை இறக்கு, மின்விசிறிப் பக்கத்துக் குழல்விளக்கையும் அணை.
நோர்வின், நீச்சலுடைகள் தொங்கும் அந்த மூலைக்குப் போ.

நாலாயிரத்தை நெஞ்சுவாரில் கட்டினேன்.
என் விரல்களின் நிழல் கூரையில் தென்னைமட்டைகளாய் ஆடியது.
நோர்வின் முகத்தை மூடிக்கொண்டான்.
இரண்டாயிரத்தைந்நூறு: நீலம் பாய்ந்து
என் உள்ளங்கை பிணவறையில் இருந்தது.
சிவப்பு ஒன்று, இறால்களுக்குப் பிடிக்குமாம்.
என் நகங்கள் தெரிந்தன, விரல்கள் தெரியவில்லை.
ஏழாவதன் பொத்தான் கையுறைக்கு அகப்படாது.

அடித்தட்டில், விலைச்சீட்டு மங்கி, ஒன்று கிடந்தது.
எட்செல் முகம் சுளித்தான்: பழைய மாடல்,
நாலு மீட்டருக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது.
திருகினால் எரிகிறது. எண்ணூறு லூமென்.
தேநீர் நிறத்தில், அகலமாக, சோம்பலாக
என் மணிக்கட்டுவரை வந்து நின்றது வெளிச்சம்.
மூலையிலிருந்து நோர்வின் கேட்டான்:
மதியம் என்ன சாப்பிட்டாய்?
மீன் இல்லை, என்றேன்.
சிரித்தான். பல் தெரிந்தது.

ஐந்து டாலர் குறைக்கச் சொல் அவனிடம்.
கூடவே இரண்டு ஓ-ரிங், ஒரு மணிக்கட்டுக் கயிறு.
நோர்வினின் வாயும் எட்செலின் மீசையும்
கொஞ்ச நேரம் சண்டையிட்டு ஓய்ந்தன.
எட்செல் குழல்விளக்கைப் போட எழுந்தான்.

பொறு.
அணைக்காதே இதை, இன்னும் ஒரு நிமிடம்.
நோர்வின், அங்கேயே நில்.
செவ்வாய்க்கிழமை நான் சொன்னது
பசி இல்லை.